சிமுலேட்டருக்கு வான்படம்: முதலில் புகையை எடுங்கள், ஷார்ப் கடைசியில்

விமான சிமுலேட்டரில் தரையாக விரிக்க சிங்கப்பூரின் வான்படத்தைத் திருத்துவது பற்றித்தான் இது. முதல் தடவை நான் செய்தபோது பொங்கோல் வட்டாரத்து வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளைச் சுற்றி யாரோ விடியற்காலையில் எழுந்து அரிசி மாவில் கோலம் போட்டுவிட்டுப் போனதுபோல் வெள்ளைக் கோடு. சிலேத்தார் விமான நிலையத்தில் செஸ்னாவைக் கிளப்பி 3,000 அடிக்கு ஏறிப் பார்த்தால் இன்னும் மோசம், தரை முழுக்கப் புற்றைக் கலைத்த எறும்புபோல நெளிகிறது. முந்தைய இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து தீவு முழுவதற்கும் ஷார்ப்பன், அதாவது படத்தைக் கூர்மையாக்கும் ஃபில்டர், போட்டிருந்தேன். எடிட்டர் திரையில் ஒவ்வொரு காரும் தனியாகத் தெரிந்தது, அதில் மயங்கிவிட்டேன். போதாததற்கு அசல் கோப்புகளின் மேலேயே சேமித்துவிட்டதால் எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டியிருந்தது.

அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் அசல் படங்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்துக்கு நகல் எடுத்து வையுங்கள்.

நான் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் ஆள். ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவசக் கருவியில்தான் தரைப்படம் செய்கிறேன், ஆகவே கோப்புப் பெயர், ஃபோல்டர் எல்லாம் அதை வைத்துத்தான் சொல்வேன். எஃப்எஸ்எக்ஸ், பிரிபேர்3டி சிமுலேட்டர்கள் வைத்திருப்பவர்களுக்கு எஸ்டிகே என்ற உருவாக்குநர் தொகுப்பில் ரீசாம்பிள் என்ற கருவி இருக்கிறது, அதற்குக் கொடுக்கப்போகும் படத்தையும் இதே மாதிரிதான் தயார் செய்ய வேண்டும். அங்கே வசந்தம், குளிர்காலம் என்று பருவத்துக்கு ஒரு படம் கேட்கும், நம் ஊருக்கு ஒன்று போதும்.

படத்தின் அளவு பற்றிக் கொஞ்சம் கணக்கு. போரடித்தாலும் படித்துவிடுங்கள், பின்னால் ஷார்ப்பன் எண்களெல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. ஆர்த்தோ4எக்ஸ்பி 256 பிக்சல் துண்டுகளைப் பதினாறுக்குப் பதினாறாக ஒட்டி 4096 பிக்சல் சதுரமாக ஒரு படம் செய்யும். ஜூம் (இணைய வரைபடத்தின் நெருக்க நிலை) 17இல் ஒரு பிக்சல் என்பது நிலநடுக்கோட்டில் 1.19 மீட்டர், ஜூம் 18இல் அதில் பாதி, 19இல் கால்வாசி. நாம் இருப்பது கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டின் மேலேயே என்பதால் அந்த எண் நமக்கு அப்படியே பொருந்தும். லண்டன்காரருக்கு அதே ஜூம் 17இல் ஒரு பிக்சல் 74 சென்டிமீட்டர்தான், ஆகவே ஐரோப்பியர்கள் "17 போதும்" என்று சொன்னால் அதை நம்பி ஏமாறாதீர்கள், அவர்களின் 17 நம்முடைய பதினேழே முக்காலுக்குப் பக்கம். ஜூம் 17இல் ஒரு படம் சுமார் 4.9 கிலோமீட்டர் சதுரத்தை மூடும், சிங்கப்பூர் முழுவதற்கும் எழுபது படம் வாக்கில் வரும். 18க்குப் போனால் அதுவே நான்கு மடங்கு. நான் தீவு முழுவதற்கும் 17 வைத்துவிட்டு சாங்கி, சிலேத்தார், மரினா பே பக்கம் மட்டும் 18 வைத்திருக்கிறேன்.

தீவின் பெரும்பகுதி வடக்கு 1, கிழக்கு 103 என்ற டைலில், அதாவது ஒரு டிகிரிச் சதுரத்தில், இருக்கிறது. 104 டிகிரிக் கோடு சாங்கியின் கிழக்கு ஓரத்தை ஒட்டிப் போவதால் பக்கத்து டைலையும் சேர்த்தே செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு டைலை மட்டும் எடிட் செய்து, கடல் பக்கமிருந்து சாங்கிக்கு இறங்கும்போது நிலமும் நீரும் சட்டென்று நிறம் மாறுவதைப் பார்த்து ஒரு வாரம் தலையைச் சொறிந்தேன்.

சரி, படம் ஏன் மங்கலாகத் தெரிகிறது? பத்தில் எட்டுத் தடவை அது ஃபோகஸ் பிரச்சினை இல்லை, காற்றுதான் காரணம். கேமராவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் ஈரக்காற்று ஒளியைச் சிதறடிக்கிறது, அதிலும் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. அதனால் கறுப்பாக இருக்க வேண்டிய நிழல் சாம்பல் நீலமாகிவிடும், வெளுப்புக்கும் கறுப்புக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்துவிடும், நம் கண் அதைப் பார்த்துவிட்டு "ஷார்ப் இல்லை" என்கிறது. சிங்கப்பூர்ப் படங்களில் இது கூடவே ஒட்டிக்கொண்டு வரும். சுமத்ரா பக்கம் காடு எரியும் மாதங்களில் எடுத்த படமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2013 ஜூன் 21ஆம் தேதி புகைமூட்டக் குறியீடு 401க்குப் போனது நினைவிருக்கும், அன்று ஜன்னலில் எதிர் புளோக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த அளவு இல்லாவிட்டாலும் லேசான புகையும் படத்தில் பால் ஊற்றியதுபோல் தெரியும்.

இதில் இன்னொரு சங்கடம், சிமுலேட்டரும் தன் பங்குக்குக் காற்றின் மங்கலைப் போடும். படத்தில் ஏற்கெனவே ஒரு புகை, அதன் மேல் சிமுலேட்டர் போடும் புகை, இரண்டும் சேர்ந்தால் ஐந்து மைல் தள்ளி எல்லாமே வெண்பொங்கல். அதனால் படத்திலிருக்கும் புகையை எடுத்துவிட வேண்டும், மிச்சத்தை சிமுலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

புகையை எடுப்பது

கிம்ப் என்ற பட எடிட்டர் இலவசம், அதையே வைத்துச் சொல்கிறேன். படத்தைத் திறந்ததும் இமேஜ் மெனுவில் பிரிசிஷனை 16 பிட்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நிறத்தை இழுக்கும்போது கடலிலும் வானத்தின் பிரதிபலிப்பிலும் பட்டை பட்டையாக விழும். அப்புறம் வெளிச்ச அளவுகளை மாற்றும் லெவல்ஸ் கருவியைத் திறந்து மூன்று நிறச் சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். புகை உள்ள படத்தில் நீலத்தின் ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவுகளைக் காட்டும் மலை போன்ற வரைபடம், இடது ஓரத்தை விட்டுத் தள்ளி நிற்கும், பச்சை அதைவிடக் கொஞ்சம் இடப்பக்கம், சிவப்பு இன்னும் இடப்பக்கம். ஒவ்வொன்றின் கறுப்புப் புள்ளியையும் அந்தந்த மலை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை நகர்த்துங்கள். ஒட்ட நகர்த்த வேண்டாம். 0 முதல் 255 வரையான அளவில் எனக்கு ஒரு படத்தில் சிவப்பு 12, பச்சை 24, நீலம் 41 என்று வந்தது. உங்கள் படத்துக்கு வேறு வரும், ஆனால் நீலம் எல்லாவற்றையும்விட அதிகமாக நகர வேண்டியிருக்கும் என்பது மட்டும் மாறாது.

மிகவும் முக்கியம்: ஆட்டோ லெவல்ஸ் பட்டனைத் தொடாதீர்கள். அது ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்து முடிவெடுக்கும். பாதி கடலாக இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் படத்துக்கு ஒரு கணக்கு, கட்டிடமாக நிறைந்திருக்கும் தோ பாயோ படத்துக்கு வேறு கணக்கு, கடைசியில் மேலிருந்து பார்த்தால் தீவு கட்டம் போட்ட கைலிபோல இருக்கும். நடுவில் இருக்கும் ஒரு படத்தை எடுத்து, அதில் காடு, கட்டிடம், தண்ணீர் மூன்றும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அதில் எண்களைக் கண்டுபிடித்து, அதே எண்களை எல்லாப் படத்துக்கும் போடுங்கள். லெவல்ஸில் அமைப்பைப் பெயர் கொடுத்துச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதே நாளில் எடுத்த படங்களுக்குத்தான் இது சரிப்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீவின் மேற்குப் பாதி ஒரு நாளும் கிழக்குப் பாதி இன்னொரு நாளும் எடுத்திருந்தால், இங்கே எப்போதும் ஏதாவது ஒரு மூலையில் மேகம் நிற்பதால் இது சகஜம், இரண்டுக்கும் இரண்டு செட் எண்கள் கண்டுபிடித்து, இணையும் இடத்தை ஒரு விரைவுச்சாலையிலோ ஆற்றிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஜோகூர் பக்கத்துக்கு நான் கவலைப்படுவதே இல்லை, நடுவில் நீரிணை இருக்கிறது.

நிறம் சரியா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள், இரவில் மஞ்சள் விளக்கில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே நீலமாகத் தெரியும். கலர் பிக்கரை எடுத்து ஒரு விமான ஓடுபாதையின் தாரையோ பெரிய கார் நிறுத்துமிடத்தையோ தொட்டுப் பாருங்கள், மூன்று எண்ணும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். பிறகு மெக்ரிச்சி காட்டைத் தொட்டுப் பாருங்கள். புகை எடுக்காத படத்தில் எனக்கு 70, 85, 80 போல வந்தது, நீலம் பச்சையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அது மரத்தின் நிறம் இல்லை. நீலம் 50 பக்கம் இறங்கிய பிறகுதான் மரம் மரமாகத் தெரிந்தது. சாச்சுரேஷனைக் கூட்டி இதைச் சரி செய்யலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள், கோல்ஃப் மைதானமெல்லாம் பச்சை கேசரி நிறத்துக்குப் போய்விடும்.

வெள்ளைக் கூரைகள் 235ஐத் தாண்டாமலும் நிழல்கள் 15க்குக் கீழே போகாமலும் வைக்கிறேன். சிமுலேட்டர் இந்தப் படத்தின் மேல் தன்னுடைய வெயிலைப் போடும், அதற்கு மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் வேண்டும். எடிட்டரில் பார்க்க உப்பு குறைந்த குழம்புபோல இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதன் பிறகும் படம் சோர்வாகத் தெரிந்தால் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. அன்ஷார்ப் மாஸ்க் என்ற ஷார்ப்பன் கருவியையே எடுத்து (ரேடியஸ், அமவுன்ட் என்ன என்பது பின்னால் வருகிறது) ரேடியஸ் 40, 50 என்று பெரிதாகவும் அமவுன்ட் 0.1, 0.15 என்று சிறிதாகவும் போடுங்கள். இது விளிம்பைக் கூர்மையாக்காது, வட்டார அளவில் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டும், மிச்சமிருக்கும் புகை கலைந்ததுபோல் இருக்கும். ஆனால் இவ்வளவு பெரிய ரேடியஸ் பக்கத்துப் பிக்சல்களை நிறைய தூரம் பார்ப்பதால், படத்தின் ஓரத்தில் அதற்குப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய், இரண்டு படம் சேரும் இடத்தில் கோடு விழும். எட்டுத் திசையிலும் உள்ள பக்கத்துப் படங்களையும் சேர்த்து ஒட்டி, அதில் இதைச் செய்துவிட்டு, நடுவில் உள்ள 4096 சதுரத்தை மட்டும் வெட்டி எடுப்பதுதான் வழி. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரிந்தவர்களுக்குச் சுலபம். எனக்கு அந்தப் பொறுமை இல்லாததால் சாங்கியைச் சுற்றி மட்டும்தான் இப்படிச் செய்தேன்.

நிழலும் மேகமும்

இது நம் ஊர் போல நிலநடுக்கோட்டுப் பக்கம் இருக்கும் ஊர்களில் வரும் தலைவலி. இங்கே மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு மேலே வரும், இடைப்பட்ட ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பலவும் சூரிய நேரப்படி காலை பத்தரை வாக்கில்தான் ஓர் ஊரைக் கடக்கும். அதாவது நம் கடிகாரத்தில் பதினொன்றரை, ஏனென்றால் நமக்கு உண்மையான நண்பகலே ஒரு மணிக்குத்தான். ஆக, ஜூனில் எடுத்த படத்தில் புளோக்கின் நிழல் தென்மேற்கே விழும், டிசம்பரில் எடுத்ததில் வடமேற்கே. இரண்டு தேதிப் படங்களை ஒட்டினால் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு திசை, அந்தப் பக்கம் இன்னொரு திசை. ஷார்ப்பன் இந்த நிழல் விளிம்புகளைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பொய் பளிச்சென்று தெரியும். நகர மையத்தில் 280 மீட்டர் உயரக் கட்டிடங்களின் நிழல் 100 மீட்டரைத் தாண்டும், ஜூம் 17இல் அது கிட்டத்தட்ட நூறு பிக்சல்.

நிழலை முழுதாக அழிக்க முடியாது, முயலவும் வேண்டாம். லெவல்ஸில் நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கினால் போதும். சிமுலேட்டர் முப்பரிமாணக் கட்டிடத்துக்குத் தானே நிழல் போடும் என்பதால் படத்து நிழல் எவ்வளவு மெலிந்து இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உயரமான கட்டிடங்கள் சாய்ந்து தெரிவதும் இதோடு சேர்ந்த தொல்லை. கேமரா நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருந்து எடுத்திருந்தால் கூரை ஓரிடத்திலும் அடித்தளம் இன்னோரிடத்திலும் இருக்கும், அதன் மேல் சிமுலேட்டர் தன் கட்டிடத்தை அடித்தளத்தில் நிறுத்தும்போது பக்கத்துச் சாலையில் ஒரு கூரை படுத்துக் கிடக்கும். நீங்கள் தாழப் பறக்கும் இடமாக இருந்தால் மட்டும் குளோன் கருவியால் அந்தக் கூரையைப் புல்லாகவோ சாலையாகவோ மாற்றுங்கள்.

மேகத்தைத் திருத்துவதைவிட வேறு தேதிப் படத்திலிருந்து அந்த இடத்தை வெட்டி ஒட்டுவது மேல். மேகம் இருந்தால் அதன் நிழலும் கொஞ்சம் தள்ளி எங்கோ கிடக்கும், அதையும் தேடி எடுங்கள், பலரும் மறப்பது இதுதான். ஒட்டிய துண்டின் ஓரத்தை இருபது முப்பது பிக்சலுக்கு மங்கலாக்கி, நிறத்தைச் சுற்றுப்புறத்தோடு பொருத்திய பிறகு விடுங்கள். வேறு தேதிப் படம் எடுக்கும்போது கரையைக் கவனியுங்கள். நம் ஊரில் கடலைத் தூர்த்து நிலம் ஆக்கிக்கொண்டே இருப்பதால் துவாஸிலும் தெக்கோங் தீவிலும் பழைய படத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தில் புதிய படத்தில் மணல் இருக்கும். ஆர்த்தோ4எக்ஸ்பி கரைக்கோட்டை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில் இருந்து எடுக்கும், படமும் கோடும் வேறு வேறு ஆண்டாக இருந்தால் மணல்மேட்டில் அலை அடிக்கும்.

நாமே ட்ரோன் விட்டுப் படம் எடுத்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். விமான நிலையம், விமானத் தளம் எதிலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் பறக்க அனுமதி வேண்டும், 200 அடிக்கு மேல் போகவும் அனுமதி வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாயா லேபார், தெங்கா, செம்பவாங் என்று ஒவ்வொன்றுக்கும் 5 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், தீவில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

இப்போதுதான் ஷார்ப்

அன்ஷார்ப் மாஸ்க் என்ற பெயரே குழப்பும், கூர்மையாக்கும் கருவிக்கு மங்கல் என்று பெயரா என்று. ஃபிலிம் காலத்து இருட்டறையில் நெகட்டிவின் மங்கலான நகல் ஒன்றைச் செய்து அதோடு சேர்த்து வைத்து அச்சிடுவார்கள், அந்தப் பெயர் அப்படியே தங்கிவிட்டது. கணினியும் அதையேதான் செய்கிறது: படத்தின் மங்கலான நகலை அசலிலிருந்து கழித்து, மிஞ்சும் வேறுபாட்டை அசலோடு கூட்டுகிறது. எவ்வளவு மங்கல் என்பது ரேடியஸ், எவ்வளவு கூட்டல் என்பது அமவுன்ட், எவ்வளவு சின்ன வேறுபாட்டை விட்டுவிடலாம் என்பது த்ரெஷோல்ட்.

கிம்பில் ரேடியஸ் 3 என்று தானாக வரும். அதுதான் என் கோலத்துக்குக் காரணம். ஜூம் 17இல் 3 பிக்சல் என்றால் மூன்றரை மீட்டர், ஒரு வீவக கூரையைச் சுற்றி இரண்டு பக்கமும் மூன்றரை மீட்டருக்கு வெள்ளையும் கறுப்பும் பூசினால் என்ன ஆகும்? ரேடியஸ் 0.6இலிருந்து 0.9க்குள் வையுங்கள். அமவுன்ட் 0.4இல் தொடங்கி 0.7க்கு மேல் போக வேண்டாம். த்ரெஷோல்ட் 0.01 பக்கம், ஃபோட்டோஷாப்பில் என்றால் 3. இந்த த்ரெஷோல்ட் எதற்கு என்றால், நாம் இறக்கிய படம் ஏற்கெனவே ஜேபெக்காகச் சுருக்கப்பட்டது, எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்கள் அதில் லேசாக ஒளிந்திருக்கும், த்ரெஷோல்ட் பூஜ்யமாக இருந்தால் அந்தக் கட்டங்களையும் சேர்த்துக் கூர்மையாக்கிவிடும். கட்டம் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் லேசாக நாய்ஸ் ரிடக்ஷன் போடுங்கள், லேசாக என்றால் சாலைக் கோடுகள் அழியாத அளவு.

நிறத்தைக் கூர்மையாக்காதீர்கள், வெளிச்சத்தை மட்டும் கூர்மையாக்குங்கள். லேயரை நகல் எடுத்து, நகலில் ஷார்ப்பன் போட்டு, அதன் மோடை எல்சிஹெச் லைட்னெஸ் என்று மாற்றினால் போதும், ஃபோட்டோஷாப்பில் லுமினாசிட்டி. இப்படிச் செய்யாவிட்டால் ஓட்டுக் கூரையின் ஓரத்தில் நீலமும் பச்சையுமாக ஒரு விளிம்பு வரும்.

அந்த நகல் லேயருக்கு ஒரு மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு இரண்டு இடங்களை மூடுங்கள். ஒன்று தண்ணீர். கடலில் கூர்மையாக்க அலைச் சிலிர்ப்பும் சூரிய மினுக்கும் தவிர ஒன்றும் இல்லை, ஈஸ்ட் கோஸ்ட் எதிரே நங்கூரமிட்ட கப்பல்கள் வேறு, அவை படத்தில் உறைந்து கிடக்கும், அவற்றைக் கூர்மையாக்கினால் தட்டையான கப்பல் என்பது இன்னும் நன்றாகத் தெரியும். கரைக்கு அருகில் உள்ளவற்றை அழித்துவிடுங்கள், தூரத்தில் உள்ளதை சிமுலேட்டரின் தண்ணீர் மூடிக்கொள்ளும். இரண்டாவது காடு. மரத்தின் தலைகள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பிக்சல்தான், அதைக் கூர்மையாக்கினால் உப்பும் மிளகும் தூவியதுபோல் ஆகும், மேலிருந்து பார்க்கும்போது நெளிவதும் முதலில் புக்கிட் தீமாவில்தான் தொடங்கும். காட்டை முழுக்க மூடாமல் மாஸ்க்கில் அறுபது எழுபது விழுக்காடு சாம்பல் பூசுங்கள். எப்படியும் சிமுலேட்டர் தன் மரங்களை அதன் மேல் நடும்.

ஓடுபாதையைக் கூர்மையாக்க மெனக்கெட வேண்டாம், விமான நிலைய சீனரி அதை மூடிவிடும்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று கேட்டால், இந்தப் படம் அப்படியே சிமுலேட்டருக்குப் போகப்போவதில்லை. டிடிஎஸ் என்ற சுருக்கிய படக் கோப்பாக மாறும். பெரும்பாலும் டிஎக்ஸ்டி1 சுருக்கம், அது நான்குக்கு நான்கு பிக்சல் கட்டம் ஒன்றுக்கு இரண்டே இரண்டு நிறத்தைச் சேமித்துவைத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவில் இன்னும் இரண்டைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். பதினாறு பிக்சலுக்கு மொத்தம் நான்கு நிறம், அதுவும் ஒரே கோட்டில். ஒரு கட்டத்துக்குள் சிவப்புக் கூரை, பச்சை மரம், நீங்கள் ஷார்ப்பனால் உண்டாக்கிய வெள்ளைக் கோடு மூன்றும் இருந்தால் அது திணறிப்போய் ஏதாவது ஒன்றைப் பலி கொடுக்கும். கூர்மை கூடக் கூடக் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இதற்குப் பதிலாகக் கிடைப்பது, 4096 படம் ஒன்று மிப்மேப்போடு சேர்த்து 11 மெகாபைட்டில் அடங்கும், சுருக்காமல் வைத்தால் மிப்மேப் இல்லாமலே 50 மெகாபைட்.

மிப்மேப் என்பது தூரத்தில் காட்டுவதற்காக அதே படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று சிறிதாக்கி வைத்திருப்பது. இதற்கும் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1920 பிக்சல் அகலத் திரை, 60 டிகிரி பார்வைக் கோணம் என்றால், சுமார் 2 கிலோமீட்டர், அதாவது 6,500 அடி தூரத்தில்தான் ஜூம் 17இன் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலுக்குச் சமமாகும். அதற்குக் கீழே வந்தால் படம் பெரிதாக்கப்பட்டு மங்கும், எவ்வளவு ஷார்ப்பன் போட்டாலும் மங்கும், இல்லாத விவரம் எங்கிருந்து வரும். அதற்கு மேலே போனால் சின்னப் படங்களுக்கு மாறும், அங்கே உங்கள் கூர்மை பெரும்பாலும் கரைந்துவிடும், கரையாத மிச்சம் நெளியும். ஜூம் 18இல் அந்தத் தூரம் பாதி. ஆக, நீங்கள் வழக்கமாகப் பறக்கும் உயரம் 1,500 அடி என்றால் ஷார்ப்பனைவிட ஜூமைக் கூட்டுவதுதான் பலன் தரும். நெளிவு தாங்கவில்லை என்றால் சாய்வாகத் தெரியும் தரையைத் தெளிவாக்கும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் அமைப்பை முதலில் பாருங்கள், அப்புறம் அமவுன்டைக் குறையுங்கள்.

செயற்கை நுண்ணறிவில் படத்தைப் பெரிதாக்கும் கருவிகளையும் முயன்று பார்த்தேன். சாலை, கார் நிறுத்துமிடம் இவற்றுக்கு அழகாகத்தான் வந்தது. ஆனால் தெம்பனிஸ் புளோக் கூரையில் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துவிட்டு அது ஜன்னல் வரிசை ஒன்றைக் கற்பனை செய்து வரைந்து வைத்திருந்தது, வானத்தைப் பார்த்த ஜன்னல். தெரியாத ஊராக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன், நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருப்பதால் மாட்டிக்கொண்டது.

சேமிப்பதும் பறந்து பார்ப்பதும்

வேலை நடக்கும்போது டிஃப் அல்லது பிஎன்ஜியாகவே வைத்திருங்கள், ஜேபெக்காகத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெடும். கடைசியில் ஒரே ஒரு தடவை ஜேபெக், தரம் 95க்குக் குறையாமல், நிறத்தைச் சுருக்கும் சப்சாம்பிளிங் இல்லாமல். ஆர்த்தோ4எக்ஸ்பியில் படம் எந்த இடத்துக்கு உரியது என்பது கோப்பின் பெயரிலேயே இருப்பதால் பெயரை மாற்றாதீர்கள், அளவும் 4096ஆகவே இருக்க வேண்டும், ஒரு பிக்சல்கூட வெட்டக் கூடாது. ஜியோடிஃப் (இருப்பிடத் தகவல் சேர்ந்த டிஃப்) வைத்து வேலை செய்பவர்கள் எடிட்டரில் சேமித்த பிறகு இருப்பிடத் தகவல் இன்னும் இருக்கிறதா என்று கியூஜிஐஎஸ்ஸில் திறந்து பாருங்கள், பல எடிட்டர்கள் அதைச் சத்தமில்லாமல் தொலைத்துவிடும்.

திருத்திய படத்தை ஆர்த்தோஃபோட்டோஸ் ஃபோல்டரில் பழைய இடத்திலேயே வைத்து, டைலின் டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டரில் உள்ள பழைய டிடிஎஸ்ஸை அழித்துவிட்டு, கடைசிப் படியை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். படம் ஏற்கெனவே இருப்பதால் அது திரும்ப இறக்காது, உங்கள் படத்தையே மாற்றிக் கொடுக்கும். பழைய டிடிஎஸ்ஸை அழிக்க மறந்தால் ஒரு மாற்றமும் தெரியாது, "நான் செய்தது ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்.

எழுபது படத்தையும் ஒரேயடியாகச் செய்யாமல் முதலில் நான்கை மட்டும் செய்து பாருங்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டியவையாக. சிமுலேட்டரில் வானிலையைத் தெளிவாக வைத்து, நேரத்தைக் காலை பதினொன்றரையாக வைத்தால் சிமுலேட்டர் போடும் நிழலும் படத்து நிழலும் ஏறக்குறைய ஒரே பக்கம் விழும். 1,000, 3,000, 6,000 அடி மூன்றிலும் ஒரு சுற்று. நேராகக் கீழே பார்க்காதீர்கள், விமானி பார்ப்பதுபோல் சாய்வாகத் தூரத்தைப் பாருங்கள், நெளிவு அங்கேதான் தெரியும். அப்புறம் நேரத்தை மாலை ஆறே முக்காலுக்கு மாற்றி இன்னொரு சுற்று, படத்தில் நீலம் மிச்சம் இருந்தால் அந்த மஞ்சள் வெயிலில் அழுக்கு ஊதாவாகக் காட்டிக்கொடுக்கும், திரும்பப் போய் லெவல்ஸில் நீலத்தை இன்னும் நாலைந்து எண் நகர்த்துங்கள். நான்கு படமும் சரியாக வந்த பிறகு மற்றவற்றை பேட்ச்சாக ஓட்டலாம், ஃபோட்டோஷாப்பில் ஆக்ஷன், இல்லாவிட்டால் இமேஜ்மேஜிக். தண்ணீர், காடு மாஸ்க் மட்டும் கையால்தான், அதற்கு எனக்கு மூன்று வார இறுதிகள் போயின.

எண்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி அசல் படங்களின் நகலோடு சேர்த்து வையுங்கள். யாராவது கேட்டால் அந்தக் கோப்பைக் கொடுங்கள், படத்தைக் கொடுக்காதீர்கள். பிங், கூகல் போன்றவற்றின் படங்கள் நம்முடையவை அல்ல, அவற்றைத் திருத்தி விநியோகிக்க நமக்கு உரிமை இல்லை. பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்யலாம், பிக்சலுக்கு 10 மீட்டர்தான், ஆனால் இலவசம், மூலத்தைக் குறிப்பிட்டுப் பகிரலாம், மிக உயரத்தில் பறப்பவர்களுக்கு அது போதும்.